எலுமிச்சைக் கட்டைகளில் ஒன்று

இலையும் பட்டையும் இருந்தால் மரத்துக்குப் பெயர் சொல்வது பெரிய காரியமில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இலை உதிர்ந்து, பட்டையும் உரிந்து, குளிக்கப் போனவன் துண்டைத் தொலைத்தது போல நிற்கிற கட்டையை மூக்கருகில் கொண்டுபோய், ஓர் இழுப்பு இழுத்து, “கொய்யா. வயசான கொய்யா. தண்ணிக்குப் பக்கத்துல நின்னிருக்கு” என்று சொல்கிறதுதான் காரியம். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவருக்கு மூக்கர் என்று பெயர் வந்தது. மற்றபடி அவருடைய மூக்கு சின்னது. மூக்குக்கண்ணாடிகூட அதில் நிற்காமல் சறுக்கும். தண்ணீருக்குப் பக்கத்தில் நின்ற மரம் என்பதும் சும்மா. யாராலும் சரிபார்க்க முடியாது என்கிற தைரியத்தில் சேர்த்துக்கொள்வது.

மூக்கர் காய் நறுக்கும் பலகைகள் செய்கிறவர். கடையில் கிடைக்கிற தேக்குப் பலகையோ ரப்பர் மரப் பலகையோ அல்ல. பலகைக்கு ஆகும் என்று யாருமே நினைக்காத மரங்கள்: எலுமிச்சை, மாதுளை, நாவல், முசுக்கொட்டை, தோட்டத்தில் பிடுங்கி எறிந்த காபிச் செடியின் அடித்தண்டு. இவற்றில் பல உள்ளங்கை அகலத்துக்கு மேல் பலகை தராது. ஆகவே எல்லாவற்றையும் விரல் தடிமனுக்குச் சட்டங்களாக அறுத்து, வெளுப்பும் கறுப்புமாக அடுக்கி, பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, இழைத்து, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெயும் மெழுகும் ஏற்றுவார். சமையலறையில் ஒரு வரிக்குதிரை படுத்திருப்பது போல இருக்கும். வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது “இது என்ன மரம்?” என்றுதான். பாதிப்பேர் அந்தப் பதிலுக்காகவே வாங்கினார்கள்.

அந்த மூக்கு இரண்டு மாதமாக வேலை செய்யவில்லை.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபி வெந்நீராகிவிட்டது. மூக்கர் அதை “ஆகா, என்ன மணம்” என்று சொல்லித்தான் குடித்தார். கட்டை வந்தால் வழக்கம்போல முகர்ந்தார். நிறத்தையும் கனத்தையும் வைத்து ஒரு பெயர் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். டாக்டரிடம் போனால் காத்திருக்கும் அறையில் தெரிந்தவர் யாராவது உட்கார்ந்திருப்பார். மூக்கருக்கு மூக்குப் போய்விட்டது என்றால், நீச்சல் வாத்தியார் வாளித் தண்ணீரில் மூழ்கிய கதையாகிவிடும். தானாகப் போனது தானாக வரும் என்று இருந்துவிட்டார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் தோட்டக்காரர் வந்தார். பெரிய வீட்டுத் தோட்டங்களில் மரம் கழிக்கிறவர். கழித்ததில் தேறுவதை மூக்கருக்குக் கொண்டுவருவார். பட்டறை வாசலில் ஒரு முசுக்கொட்டைக் கட்டையை இறக்கிவிட்டு, கழுத்தைத் துடைத்துக்கொண்டே போகிற போக்கில் கேட்டார்.

“அண்ணே, போன தடவை எலுமிச்சையோட ஒரு அரளிக் கட்டை கலந்து வந்துச்சே, அதை என்ன பண்ணீங்க?”

மூக்கர் கையிலிருந்த இழைப்புளி பாதி இழைப்பில் நின்றது.

தோட்டக்காரர் விவரம் சொன்னார். வேலியோரம் நின்ற முற்றின அரளியையும், பட்டுப்போன எலுமிச்சையையும் ஒரே நாளில் வெட்டியிருக்கிறார்கள். பட்டைக்குள் பூச்சி ஒளிந்து வரும், உரித்துத்தான் கொண்டுவர வேண்டும் என்பது மூக்கருடைய கண்டிப்பான உத்தரவு. உரித்துப் போட்ட குவியலில் இரண்டும் ஒரே வெளுப்பு. இறக்கிவிட்டுப் பாதி வழி போன பிறகுதான் அவருக்கு உறைத்ததாம்.

“திரும்பி வந்து சொல்லலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் நானே சிரிச்சுக்கிட்டேன். உங்க மூக்குக்கு அரளி தப்புமா?”

“பின்னே,” என்றார் மூக்கர். “பத்தடியிலயே தெரிஞ்சு போச்சு.”

“எரிச்சுடலையே? அதோட புகைகூட ஆகாதுண்ணே.”

“எனக்கே பாடம் எடுக்கறியா நீ?”

தோட்டக்காரர் நிம்மதியாகப் போனார். மூக்கர், தேள் கொட்டிய திருடன் போல, கத்தவும் முடியாமல் நின்றார்.

அரளி விஷம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். இலை, பூ, விதை, வேர் எல்லாம் விஷமாயிருக்கும்போது கட்டை மட்டும் சர்க்கரையாகவா இருக்கும்? மூக்கர் கழிவுக் கூடையைத் தரையில் கவிழ்த்தார். வெளுத்த முனைத் துண்டுகளைப் பொறுக்கி வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் மூக்கில் வைத்து அழுத்தினார். மூக்கு சிவந்ததே தவிர சேதி எதுவும் வரவில்லை. தண்ணீரில் நனைத்து முகர்ந்தார். சுரண்டி முகர்ந்தார். கடைசியில் ஆத்திரத்தில் ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, என்ன செய்தோம் என்று உறைத்ததும் குழாயடிக்கு ஓடி அரைமணி நேரம் வாய் கொப்பளித்தார்.

அந்த எலுமிச்சை முழுவதும் ஒரே பலகைக்குத்தான் போயிருந்தது. நாவல் கறுப்பு, எலுமிச்சை வெளுப்பு, மாற்றி மாற்றி. ஐந்து வெளுப்புக் கோடுகள். அந்தப் பலகை இருந்தது சம்பந்தி வீட்டில்.

வேறு யார் வீடாக இருந்தாலும் பரவாயில்லை. சம்பந்தியம்மா ஓர் அலுவலகக் கேண்டீனை ஒரே ஓர் உதவியாளோடு நடத்துகிறவர். நூறு பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, வீட்டாருக்கும் சமைக்கிறவர். பெண் பார்க்க வந்த அன்றைக்கு மூக்கரிடம் மரியாதையாகத்தான் கேட்டார், “பலகை செய்யறீங்க, சரி. அது போக என்ன வேலை பாக்கறீங்க?” என்று. அந்தக் கேள்வி மூக்கர் நெஞ்சில் சிராய் போல ஏறி இரண்டு வருஷம் இருந்தது. போன மாதம் அவர்கள் புது வீட்டுக்கு மாறியபோதுதான் எலுமிச்சைப் பலகையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சம்பந்தியம்மா வாங்கித் திருப்பிப் பார்த்தார், விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார், “இது வேலை” என்றார். அவ்வளவுதான். சிராய் தானாக வெளியே வந்து விழுந்தது. அன்று வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் மூக்கர் ஜன்னலோரம் உட்கார்ந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்ததை நடத்துனர்கூடக் கவனித்தார்.

மூக்கர் கூடையைக் கவிழ்த்துவிட்டு நின்ற கோலத்தை எட்டிப் பார்த்த மனைவி, தன் பங்குக்கு ஒரு செய்தி சொன்னார். மகள் போன் செய்தாளாம். மாப்பிள்ளைக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லையாம்.

மூக்கர் கூடையை அப்படியே விட்டார். சட்டையை மாட்டினார். தயாராயிருந்த பலகைகளில் அழகான மாதுளைப் பலகை ஒன்றைப் பைக்குள் திணித்தார். எங்கே என்று கேட்ட மனைவியிடம், மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். வயிற்று வலிக்கா இவ்வளவு அவசரம் என்று மனைவி கேட்டபோது தெருமுனைக்கே போய்விட்டிருந்தார்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் ஒரே நிமிஷம். ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்கு அப்புறம்? ‘எங்க வீட்டுக்கு விஷப் பலகை கொடுத்தவர்’ என்று ஆயுசுக்கும் ஒரு பேச்சு இருக்கும். மகள் அந்தப் பேச்சின் கீழ்தான் தினமும் சோறு சாப்பிட வேண்டும். ஆகவே பொய்தான் நல்லது என்று முடிவு செய்தார். எந்தப் பொய் என்பதில்தான் குழப்பம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு பொய் மாற்றினார்.

சம்பந்தி வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மாப்பிள்ளை சோபாவில் சாய்ந்து கிடந்தார். முகம் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். மூக்கர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். மேடையில், கத்தியும் காய்த்தோலுமாக, பலகை சாவதானமாகப் படுத்திருந்தது.

முதல் பொய்யை எடுத்துவிட்டார். பலகைக்கு இன்னொரு தடவை எண்ணெய் ஏற்ற வேண்டும், கொண்டுபோய் ஒரு வாரத்தில் தருகிறேன்.

எண்ணெய் தானே ஏற்றிவிட்டதாகச் சொன்னார் சம்பந்தியம்மா. மூக்கர் முதலில் சொல்லிக்கொடுத்தபடியே, துணியில் தொட்டு, நார் ஓடுகிற வாக்கில்.

இரண்டாவது பொய். ஒரு கண்காட்சி வருகிறது, தன் வேலைகளிலேயே அதுதான் சிறந்தது என்பதால் அதை வைக்க ஆசை. அதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள். பையிலிருந்து மாதுளைப் பலகையை எடுத்து நீட்டினார். சம்பந்தியம்மா அதைத் தொடவில்லை. முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொண்டது.

“குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதுக்கு நீங்க கடைக்காரரா சம்பந்தி? உறவுக்காரர்னுல்ல நெனச்சேன்.”

மகள் அப்பாவைப் பார்த்த பார்வையில் ஒரு முழு அகராதி இருந்தது. மூக்கர் மாதுளைப் பலகையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்றார்.

சம்பந்தியம்மா உள்ளே போனார். பலகையில் கத்தி விழும் சத்தம் கேட்டது. தட், தட், தட். நல்ல மரத்தில் மட்டும் வருகிற அந்தச் சத்தம், வேறு நாளாக இருந்தால் மூக்கருக்குத் தேனாக இருந்திருக்கும். ஒரு தட்டு நிறைய பப்பாளித் துண்டுகளோடு திரும்பி வந்து நடுவில் வைத்தார். சாறு தட்டில் ஊறி நின்றது. அந்தச் சாறு எந்தக் கோட்டின் மேல் ஓடி வந்ததோ என்று மூக்கர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை கையை நீட்டினார்.

மூக்கர் தட்டைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வைத்த பிறகு ஏதாவது செய்ய வேண்டுமே. சாப்பிட ஆரம்பித்தார். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது, மெல்லாமல் முழுங்கினார். பப்பாளி என்றால் தனக்கு உயிர் என்றார். தொண்டையில் சிக்கிய ஒரு துண்டு, உயிர் போகிற விஷயம்தான் என்று ஒத்துக்கொண்டது. தட்டு காலியானதும் வெற்றிகரமாகக் கீழே வைத்தார்.

சம்பந்தியம்மாவின் முகத்தில் சாத்தியிருந்த கதவு லேசாகத் திறந்தது. ரசித்துச் சாப்பிடுகிறவரைப் பார்த்தால் சமைக்கிறவர் மனம் இளகாமல் இருக்குமா? “இவ்வளவு பிடிக்கும்னு தெரியாதே, இன்னொண்ணு இருக்கு” என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். மறுபடியும் தட், தட், தட்.

இரண்டாவது தட்டையும் மூக்கர் மடிக்கு எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை நீட்டிய கை அந்தரத்தில் நின்று, தலையைச் சொறியப் போவது போலத் திரும்பிப் போயிற்று. மகள் குனிந்து, காதோரம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“அப்பா, மானம் போகுது. அவருக்கு ஒரு துண்டாவது குடுங்க.”

“அவருக்கு வயிறு சரியில்லம்மா.”

“வயித்துக்கு நல்லதுன்னுதான் அத்தை பப்பாளியே வாங்கினாங்க.”

பதில் சொல்ல மூக்கருக்கு வாயில் இடமில்லை. நெஞ்சு தடதடவென்று அடித்தது. அரளி இதயத்தைத்தான் பிடிக்கும் என்று எங்கேயோ கேட்டது ஞாபகம் வந்தது. வந்ததும் இன்னும் வேகமாக அடித்தது. கடைசித் துண்டை முழுங்கி நிமிர்ந்தபோது, சம்பந்தியம்மா மூன்றாவது தட்டோடு நின்றிருந்தார். இந்தத் தடவை தட்டை மூக்கருக்கு எட்டாமல் மகளிடம் கொடுத்தார். நீயும் எடுத்துக்கோ, உங்கப்பாவை நம்பினா ஒண்ணும் மிஞ்சாது என்றார். மகள் சிரித்துக்கொண்டே ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

“சாப்பிடாதே,” என்றார் மூக்கர்.

குரல் எங்கிருந்தோ வந்தது போல இருந்தது. மகளின் கை நின்றது.

“யாரும் சாப்பிடாதீங்க. அந்தப் பலகையில அரளி இருக்கு. அஞ்சு வெள்ளைக் கோட்டுல ஒண்ணு. எதுன்னு எனக்குத் தெரியல. எனக்கு ரெண்டு மாசமா மூக்குல வாசனையே தெரியல.”

முதலில் அசைந்தது மகள். கையிலிருந்த துண்டைத் தட்டில் போட்டாள். பிறகு அப்பாவின் மடியையும் காலித் தட்டுகளையும் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“அப்பா, ரெண்டு தட்டு சாப்பிட்டிருக்கீங்க.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சேவா?”

சம்பந்தியம்மா உள்ளே போய்ப் பலகையைக் கழுவிக் கொண்டுவந்தார். கத்தி நுனியால் ஒவ்வொரு வெளுப்புக் கோட்டையும் சுரண்டி, சுரண்டிய இடத்தை முகர்ந்தார். ஒன்று எலுமிச்சை. அடுத்ததும் எலுமிச்சை. மூன்றாவதில் நின்றார், இரண்டு தடவை முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார். மீதி இரண்டையும் பார்த்துவிட்டு மறுபடி மூன்றாவதற்கு வந்து விரலை வைத்தார். பிறகு பலகையைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, மகனிடம் வண்டியை எடுக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மூக்கரைப் படுக்கவைத்து நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். சாயங்காலம் வரை வைத்திருந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையையும் பார்க்க வேண்டும் என்று மூக்கர் படுத்தபடியே வற்புறுத்தினார். டாக்டர் மாப்பிள்ளையிடம் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் ஒப்புக்கொண்டார்: அம்மாவின் கேண்டீன் சாப்பாட்டை நண்பனுக்குத் தள்ளிவிட்டு ஒரு வாரமாக வண்டிக்கடையில் எண்ணெய்ப் பலகாரம். அன்றைக்கு சம்பந்தியம்மாவுக்கு விழுந்த அடிகளில் எது பெரியது என்று சொல்வது கடினம்.

டாக்டர் கடைசியில் காகிதச் சுருளைப் பார்த்துவிட்டு, இதயத்துக்கு ஒன்றுமில்லை, பயம்தான் கொஞ்சம் கூடுதல் என்றார். காய்ந்த கட்டை, கழுவிக் கழுவிப் புழங்கியது, அதிர்ஷ்டம். ஆனால் அதிர்ஷ்டத்தை வைத்துக் காய் நறுக்க வேண்டாம் என்றார். மூக்குக்கு வேறு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

மனைவிக்கு போனில் மூக்கர்தான் சொன்னார்.

“மூக்கு போனது எனக்குத் தெரியும்,” என்றார் மனைவி. “பால் அடிப்பிடிச்சு வீடே நாறுது, நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்.” பிறகு குரல் மாறியது. “ரெண்டு தட்டு பப்பாளியை முழுங்கறதுக்கு ஒரு வார்த்தை சொல்றது கஷ்டமா இருந்துச்சா?”

கஷ்டமாகத்தான் இருந்தது என்றார் மூக்கர்.

வெளியே பெஞ்சில் சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம். மூக்கர் மன்னிப்பை எந்த முனையில் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தபோது அவரே பேசினார்.

“ஒரு மாசம் புளிப்புத் தெரியாம நான் கேண்டீன்ல சமைச்சிருக்கேன். பல்லுக்கு ஏதோ மருந்து குடுத்தாங்க, நாக்கு செத்துப்போச்சு. யார்கிட்டயும் சொல்லல. கண்ணளவுலயே போட்டேன்.” உள்ளங்கையைக் குவித்து அளவு காட்டினார். “நூறு பேர் சாப்பிட்டாங்க.”

மூக்கர் அவரைத் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

“மூக்கு போனப்புறம் எத்தனை பலகை குடுத்தீங்க சம்பந்தி?”

யாரும் இதைக் கேட்கக் கூடாது என்றுதான் மூக்கர் காலையிலிருந்து தனக்கே அந்தக் கேள்வியைக் காட்டாமல் வைத்திருந்தார். சம்பந்தி வீடு தப்பித்தது, போதும் என்று எழுந்து போய்விடலாம். தப்பித்தது ஒரு வீடுதான். முசுக்கொட்டை என்று சொல்லிக் கொடுத்தது முசுக்கொட்டைதானா? மாதுளை என்றது? பைக்குள் இருக்கிற இந்தப் பலகையே மாதுளைதானா? கண்ணளவு.

“ஏழு,” என்றார். “உங்க வீட்டோட எட்டு.”

மறுநாள் காலை கேண்டீனை உதவியாளிடம் விட்டுவிட்டு சம்பந்தியம்மா பட்டறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சின்னக் கத்தி, காகிதத்தில் சுற்றி. மூக்கர் தனியாகவே போய்க்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தார். தனியாப் போய் அங்கேயும் கண்காட்சிக் கதை விடவா என்று கேட்டார் சம்பந்தியம்மா.

முதல் வீடு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். வழி நெடுக மூக்கர் எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தார். கதவு முன்னால் நின்றதும் உருட்டியதெல்லாம் உருண்டு போய்விட்டது. மணியை அழுத்தினார். பலகை வாங்கியது அந்த வீட்டு அம்மா. கதவைத் திறந்தது ஐயா, வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு. மூக்கர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார்.

“எனக்கு ரெண்டு மாசமா மூக்கு வேலை செய்யலைங்க.”

அவர் மூக்கரை மேலும் கீழும் பார்த்தார். பிரஷ்ஷை எடுத்தார்.

“டாக்டர் மாடியில இருக்காரு,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

மூக்கர் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வது தெரிந்தது.

“பலகையில ஆரம்பிங்க சம்பந்தி,” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. “மூக்குக்கு அப்புறம் வரலாம்.”

மூக்கர் மறுபடியும் மணியை அழுத்தினார்.